பட்டாளம் இசைக்காரனை ஆக்குமா? அமெரிக்கக் கதைகள் சில

கேள்வியை முதலில் என் வாயால் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். பாடகர் ஜானி கேஷ், கிட்டார்காரர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ், சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேன், பாடகர் எல்விஸ் என்று அமெரிக்க இசையில் யாரைத் தொட்டாலும் வாழ்க்கைக் குறிப்பில் ஒரு பட்டாளச் சட்டை வந்து நிற்கிறதே, ராணுவக் கட்டுப்பாடுதான் இவர்களை இசைக்காரர்களாக ஆக்கியதா, இதைக் காதால் உணர எதைக் கேட்டுத் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. விடியுமுன் எழுப்பி, வரிசையில் நிறுத்தி, அதட்டி வளர்த்தால் ஒருவனுக்குள் இசை வந்துவிடுமா? உண்மையில் நீங்கள் கேட்க நினைத்தது இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் நம் தரைப்படையில் ஒரு காலாட்படைப் பேண்டில் இருபத்திரண்டு வருடம் கிளாரினெட் வாசித்தவன். பயிற்சி மத்தியப் பிரதேசத்தின் பச்மரியில். அமெரிக்கப் பட்டாளத்தை நான் கிட்டத்தில் பார்த்ததில்லை. அவர்களுடைய இசையைப் பதிவுகளிலும் வாழ்க்கையைப் புத்தகங்களிலும்தான் அறிவேன். ஆனால் வீரர்கள் தங்கும் கூடமான பாரக் என்றால் என்ன, அங்கே சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்த அனுபவத்தை வைத்துத்தான் பேசுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. இரண்டாம் உலகப் போரில் மட்டும் அமெரிக்காவில் ஏறக்குறைய 1.6 கோடிப் பேர் சீருடை போட்டார்கள். 1940 முதல் 1973 வரை, நடுவில் சிறு இடைவெளி தவிர, அங்கே கட்டாய ஆள்சேர்ப்பு நடந்தது. அந்தத் தலைமுறையில் தச்சர், வாத்தியார், பால்காரர் எல்லார் வாழ்க்கையிலும் பட்டாளம் உண்டு. இசைக்காரர் வாழ்க்கையிலும் இருந்ததில் அதிசயம் இல்லை. எனவே 'இத்தனை பேர் பட்டாளத்தில் இருந்தார்கள், ஆகவே பட்டாளம்தான் காரணம்' என்ற வாதம் நிற்காது. எல்விஸ் நல்ல உதாரணம்: 1958 மார்ச்சில் அழைப்பு வந்து போனபோதே அவர் நாடறிந்த நட்சத்திரம். 1960 மார்ச்சில் சார்ஜென்ட்டாகத் திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடர்ந்தார். அவரைப் பட்டாளம் ஆக்கவும் இல்லை, கெடுக்கவும் இல்லை.

ஆனால் எல்லார் கதையும் அப்படியல்ல. சிலருக்குப் பட்டாளம் நிஜமாகவே ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பியது. அது நீங்கள் நினைக்கும் கட்டுப்பாடு இல்லை என்பதுதான் என் கட்சி.

ஜானி கேஷை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்கன்சா பருத்திக் காட்டுப் பையன். வீட்டில் வைத்த பெயர் ஜே.ஆர்., வெறும் இரண்டு எழுத்து. 1950 ஜூலையில் விமானப் படையில் சேரப் போனால் எழுத்தை மட்டும் பெயராக ஏற்கமாட்டோம் என்றார்கள். 'ஜான்' அங்கே பிறந்தது. மேற்கு ஜெர்மனியின் லான்ட்ஸ்பெர்க்கில் அவருக்குக் கொடுத்த வேலை, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு சோவியத் ராணுவத்தின் மோர்ஸ் தந்தியை ஒட்டுக்கேட்டு எழுதுவது. குறிலும் நெடிலுமாக மணிக்கணக்கில் காதுக்குள் டிக் டிக். பணி முடிந்தால் கைநிறையப் பொழுது, போக இடமில்லை. 20 மார்க்குக்கு, அதாவது சுமார் 5 டாலருக்கு, ஒரு ஜெர்மன் கிட்டார் வாங்கினார். பாரக் சகாக்களோடு 'லான்ட்ஸ்பெர்க் பார்பேரியன்ஸ்' என்று ஒரு குழு. பொழுதுபோக்கு அவ்வளவுதான். ஃபால்சம் சிறையைப் பற்றிய ஒரு சினிமாவை அங்கே பார்த்துவிட்டுத்தான் 'ஃபால்சம் பிரிசன் புளூஸ்' எழுதினார். சிறைக்கே போகாத ஒருவர் சிறைவாசியின் ஏக்கத்தை எப்படி எழுதினார் என்று பலர் வியப்பார்கள். மூன்று வருடம் ஊருக்குப் போக முடியாமல் பாரக்கில் கிடந்தவனைக் கேளுங்கள், அவன் வியக்கமாட்டான். தூரத்தில் ரயில் கூவினால் என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியும்.

இதில் உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்துச் சொல்லவேண்டும். கிட்டார், குழு, மோர்ஸ் வேலை எல்லாம் உறுதி. அந்தப் பாட்டின் மெட்டும் வரிகளில் பெரும்பகுதியும் கார்டன் ஜென்கின்ஸ் 1953-இல் வெளியிட்ட ஒரு பாட்டிலிருந்து வந்தவை என்பதும் உறுதி. பின்னாளில் பணம் கொடுத்துத் தீர்க்க வேண்டி வந்தது. ஆனால் ஸ்டாலின் இறந்த செய்தியை முதலில் கேட்ட அமெரிக்கர் கேஷ்தான் என்று ஒரு கதை உலவுகிறது. கேஷே அப்படிச் சொல்லியிருக்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை. ராணுவத் தந்தி சங்கேதத்தில் போகும். ஒட்டுக்கேட்பவன் புள்ளியையும் கோட்டையும் எழுத்தாக்கி மேலே அனுப்புவான்; அதன் பொருளைப் பிரிப்பது வேறு ஆட்களின் வேலை. கையில் என்ன செய்தி இருந்தது என்று அவருக்கே அந்த நேரத்தில் தெரிந்திருக்க வழியில்லை. நல்ல கதைசொல்லி அவர், அவ்வளவுதான்.

ஹென்ட்ரிக்ஸ் கதை இன்னும் வேடிக்கை. சியாட்டிலில் திருட்டுக் காரில் சுற்றியதாகப் பிடிபட்டு, சிறையா பட்டாளமா என்ற நிலையில் 1961 மே 31 அன்று கையெழுத்துப் போட்டார். 101-வது வான்வழிப் படை, கென்டக்கியின் ஃபோர்ட் கேம்ப்பெல், பாராசூட் குதிப்பு. அப்பாவுக்குக் கடிதம் எழுதி வீட்டிலிருந்த கிட்டாரை வரவழைத்துக்கொண்டார். அந்த முகாமில் வீரர்கள் பொழுதுபோக்க ஒரு கிளப் உண்டு. வாத்தியங்களை எடுத்து வாசிக்கலாம். ஒருநாள் அந்தப் பக்கம் போன பில்லி காக்ஸ் என்ற இன்னொரு வீரர் ஜன்னல் வழியாகக் கிட்டார் சத்தம் கேட்டு உள்ளே போனார், தன்னை அறிமுகம் செய்துகொண்டார், அங்கிருந்த பேஸ் கிட்டாரை எடுத்து உட்கார்ந்துவிட்டார். எட்டு வருடம் கழித்து வுட்ஸ்டாக் இசை விழா மேடையில் ஹென்ட்ரிக்ஸ் பக்கத்தில் பேஸ் வாசித்தவர் அதே காக்ஸ்தான். 1970 புத்தாண்டில் நியூயார்க்கில் 'மெஷின் கன்' என்ற தன் பாட்டை அவர் வாசித்தபோதும் அவரேதான்.

பட்டாளம் அவருக்கு ஒழுங்கு கற்றுக்கொடுத்ததா? மேலதிகாரிகள் எழுதிய குறிப்புகளைப் பார்த்தால் சிரிப்பு வரும். பணியில் தூங்குகிறார், கவனமெல்லாம் கிட்டாரில் இருக்கிறது என்கிற ரீதியில் போகின்றன. சுமார் ஒரு வருடத்திலேயே, 1962-இல், 'பொருந்தாதவர்' என்று கௌரவமாக வெளியே அனுப்பிவிட்டார்கள். குதிக்கும்போது கணுக்கால் உடைந்ததால் வந்துவிட்டேன் என்று அவர் பேட்டிகளில் சொல்லிக்கொண்டார். அவரது விடுவிப்புக் காகிதங்கள் அதை ஆமோதிக்கவில்லை. கட்டுப்பாடு தோற்ற இடத்தில் அந்தக் கிளப்பும் அந்த ஜன்னலும் ஜெயித்தன.

பச்மரியில் எனக்குப் பக்கத்துக் கட்டில்காரன் ஒரு மிசோரம் பையன். ஹென்ட்ரிக்ஸை நான் முதலில் கேட்டது அவனுடைய தேய்ந்துபோன கேசட்டில். நாகசுரமும் கோயில் மேளமும் கேட்டு வளர்ந்த எனக்கு அவன் கட்டில் அங்கே இல்லாவிட்டால் அந்தப் பெயரே தெரிந்திருக்காது. பட்டாளம் இசைக்காரனுக்குத் தருவது இதைத்தான்: தானாக ஒருபோதும் சந்தித்திருக்க முடியாத ஆளைப் பக்கத்தில் படுக்கவைப்பது, பிறகு இருவருக்கும் போக இடமில்லாமல் செய்வது.

பேண்டுக்காரனாக என்னை அதிகம் உலுக்கிய வாழ்க்கை வேறொருவருடையது. ஜேம்ஸ் ரீஸ் யூரோப். 1880-இல் அலபாமாவில் பிறந்தவர், நியூயார்க்கில் கறுப்பின இசைக்காரர்களைச் சங்கமாகத் திரட்டி 1912-இல் கார்னகி ஹாலில் மேடை ஏற்றியவர். முதல் உலகப் போரின்போது ஹார்லெம் பகுதியில் ஒரு கறுப்பினப் படைப்பிரிவு திரட்டப்பட்டது. பிற்பாடு 369-வது காலாட்படை என்று பெயர் பெற்றது அதுதான். அதன் கர்னல் வில்லியம் ஹேவர்ட், நாட்டிலேயே சிறந்த பேண்டு எனக்கு வேண்டும் என்றார். விதிப்படி ஒரு பேண்டுக்கு 28 பேர். யூரோப் குறைந்தது 44 பேராவது வேண்டும் என்று நின்றார். கர்னல் ஒரு செல்வந்தரிடமிருந்து 10,000 டாலர் வாங்கிக் கொடுத்தார். அந்தக் காசில் யூரோப் செய்ததுதான் எனக்குப் பிடித்தது: நல்ல கிளாரினெட் ஆள் கிடைக்கவில்லை என்று கப்பலேறிப் புவேர்ட்டோ ரிக்கோவுக்குப் போய், அங்கிருந்து பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு வந்தார். பித்தளை வாத்தியக்காரன் எங்கும் கிடைப்பான். நாணல் ரீடில் மூச்சைப் பதமாக விடத் தெரிந்தவன் கிடைப்பது கஷ்டம். நம்மூர் நாகசுரக்காரர் சீவாளிக்குப் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அப்படிச் சேர்ந்தவர்களில் ஒருவர் ரஃபேல் எர்னாண்டெஸ், பின்னாளில் லத்தீன் அமெரிக்கா முழுவதும் பாடப்பட்ட பாடலாசிரியர்.

பிரான்சில் இறங்கியதும் அமெரிக்க ராணுவம் இந்தப் படைப்பிரிவைத் தன் வெள்ளைப் படைகளோடு சேர்த்துக்கொள்ளாமல் பிரெஞ்சுப் படைக்குக் கொடுத்துவிட்டது. 191 நாள் போர்முனையில் இருந்தார்கள். யூரோப் பேண்டு மாஸ்டர் மட்டும் அல்ல, இயந்திரத் துப்பாக்கிக் கம்பெனியில் லெப்டினன்ட். நச்சுப்புகை பட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுகூட, இரவு ரோந்து போவதைப் பற்றி ஒரு பாட்டு எழுதினார். பாரிஸில் இவர்கள் வாசித்ததைக் கேட்ட பிரெஞ்சுப் பேண்டுக்காரர்கள், அந்த ஒலிகள் தங்கள் வாத்தியத்தில் வரவில்லையே என்று இவர்களுடைய வாத்தியங்களை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களாம், உள்ளே ஏதோ சூட்சுமம் இருக்கும் என்று. ஊர் திரும்பியபின் யூரோப் தானே சொன்னது இது. சூட்சுமம் வாத்தியத்தில் இல்லை, நாக்கில். ஊதும்போதே நாக்கைச் சுழற்றினால் பித்தளை உறுமும். குழாயின் வாயை அடைத்துத் திறந்தால் பேசும். இன்று எந்த டிரம்பெட் மாணவனும் செய்வான். 1918-இல் ஐரோப்பியக் காதுக்கு அது மந்திரம்.

1919 பிப்ரவரி 17 அன்று நியூயார்க் ஐந்தாவது அவென்யூவில் இந்தப் படைப்பிரிவு அணிவகுத்து வந்தது, யூரோப்பின் பேண்டு முன்னால். மூன்று மாதம்கூட ஆகவில்லை. மே 9, பாஸ்டன் நகரில் கச்சேரி. இடைவேளையில், தன் டிரம்ஸ்காரர்களில் ஒருவரை ஏதோ கண்டித்திருக்கிறார். அந்த ஆள் பேனாக்கத்தியால் கழுத்தில் குத்திவிட்டார். சின்னக் காயம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அன்றிரவே உயிர் போயிற்று, வயது 39. இயந்திரத் துப்பாக்கியும் நச்சுப்புகையும் விட்டுவைத்தவரை ஒரு பேனாக்கத்தி கொண்டுபோயிற்று. நியூயார்க் நகரம் அவருக்குப் பொது மரியாதையோடு இறுதி ஊர்வலம் நடத்தியது. அந்த நகரத்தில் ஒரு கறுப்பினத்தவருக்கு அப்படி நடந்தது அதுவே முதல்முறை. ஆர்லிங்டன் ராணுவ மயானத்தில் அடக்கம்.

இங்கே நிறம் வந்துவிட்டது. இதைத் தவிர்த்துவிட்டு இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் அது பொய். பட்டாளம் யாருக்கு எதைக் கொடுத்தது என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது திறமை இல்லை, தோல். லெஸ்டர் யங், டெனர் சாக்ஸபோனில் ஒரு காலத்தின் காற்றையே மாற்றியவர், 1944-இல் 35 வயதில் ராணுவத்துக்கு இழுக்கப்பட்டார். வெள்ளைக்கார இசைக்காரர் பலரைப் பேண்டில் போட்டார்கள். இவருக்குப் பேண்டு கிடைக்கவில்லை. 1945-இல் கஞ்சாவும் மாத்திரையும் வைத்திருந்ததாக ராணுவ நீதிமன்றம். ஒரு வருடத் தண்டனை, ஜார்ஜியாவில் ராணுவச் சிறை, அவமதிப்போடு பணிநீக்கம். வெளியே வந்த கையோடு 'டி.பி. புளூஸ்' என்று ஒரு பாட்டைப் பதிந்தார், டி.பி. என்பது அந்தச் சிறைக் கூடத்தின் சுருக்கம். அதோடு அவர் வாசிப்பே செத்துவிட்டது என்று பழைய விமர்சகர்கள் எழுதினார்கள். இதை நான் ஏற்கவில்லை. குரல் கனத்தது உண்மை, ஆனால் அந்தப் பதிவில் மூச்சு முறியவில்லை. சொற்றொடர்கள் முன்பைவிட நிதானமாக இறங்குகின்றன. மனிதன் உடைந்தாரா என்றால் ஆம் என்பேன். கலை உடைந்ததா என்பதில் இன்றும் சண்டை இருக்கிறது, இருக்கட்டும்.

பாடகர் டோனி பென்னட் வெள்ளையர், நியூயார்க் இத்தாலியக் குடும்பம். ஜெர்மனியில் முன்னணியில் சண்டை போட்டவர். போர் முடிந்த 1945-இன் நன்றியறிதல் நாளில் பழைய பள்ளித் தோழர் ஒருவரைத் தற்செயலாகச் சந்தித்துச் சேர்ந்து சாப்பிட அழைத்துப் போனார். தோழர் கறுப்பர். அதிகாரி ஒருவர் பிளேடால் பென்னட்டின் கார்ப்பரல் பட்டையைக் கிழித்துக் கீழே போட்டாராம். தண்டனையாக, அவசரத்தில் புதைக்கப்பட்ட வீரர்களின் உடல்களைத் தோண்டி எடுத்து முறைப்படி அடக்கம் செய்யும் பிரிவுக்கு மாற்றினார்கள். இதைப் பென்னட்டே தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் ராணுவக் கேளிக்கைப் பேண்டில் பாடும் வாய்ப்பு வந்தது. படைகளில் நிறப் பிரிவினையை நீக்கும் ட்ரூமனின் உத்தரவு வந்தது 1948 ஜூலையில்.

பட்டாளம் இவர்களுக்குக் கொடுத்த பெரிய கொடை, என் கணக்கில், வெளியே வந்தபின் கிடைத்தது. 1944 ஜூனில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டம் ஒன்று, ஜி.ஐ. பில் என்பார்கள், திரும்பிய வீரரின் படிப்புச் செலவை அரசே ஏற்கும். பென்னட் அதில் குரல் பயிற்சி பெற்றார். ஜான் கோல்ட்ரேன் கடற்படையில் சேர்ந்தது 1945 ஆகஸ்ட் 6, ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த நாள். வயது 18. ஹவாயில் இருந்தபோது முகாமின் வெள்ளையர் பேண்டில் 'விருந்தாளி' என்ற பெயரில் வாசித்தார். உறுப்பினர் என்றால் விதி மீறல். ஒரு வருடத்தில் வெளியே வந்து, அந்தச் சட்டப் பணத்தில் பிலடெல்பியாவில் இசைக் கோட்பாடு படித்தார். அந்தப் படிப்பு இல்லாமல் பிற்காலக் கோல்ட்ரேன் இல்லை என்று துணிந்து சொல்வேன்.

பியானோக்காரர் டேவ் புரூபெக் கதையும் அப்படித்தான். 1944-இல் பிரான்சில், போர்முனைக்குப் போகக் காத்திருந்த கூட்டத்தில் அவரும் ஒருவர். செஞ்சிலுவைக் கலைநிகழ்ச்சிக்குப் பியானோ ஆள் வேண்டும் என்று கேட்டார்கள், கை தூக்கினார். வாசித்ததைக் கேட்ட கர்னல் இவரை முன்னால் அனுப்பாதீர்கள் என்றுவிட்டார். தூக்கிய ஒரு கை! அப்புறம் அவர் அமைத்த பேண்டில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாசித்தார்கள், அன்றைய ராணுவத்தில் அது அபூர்வம். பின்னாளில் 'டேக் ஃபைவ்' எழுதிய பால் டெஸ்மண்டை அவர் சந்தித்ததும் பட்டாளத்தில்தான். திரும்பியபின் ஜி.ஐ. பில் காசில் பிரெஞ்சு இசையமைப்பாளர் மியோவிடம் படித்தார். 1958-இல் அரசு அனுப்பிய பயணத்தில் சென்னைக்கும் வந்து வாசித்திருக்கிறார். 'டேக் ஃபைவ்' ஐந்தடித் தாளம் என்று மேற்கே அமர்க்களப்பட்டார்கள். கண்டசாபு கேட்டு வளர்ந்த காதுக்கு அது வீட்டுச் சாப்பாடு. ஒரே வித்தியாசம், நாம் இரண்டும் மூன்றுமாகப் பிரிப்போம், அவர்கள் மூன்றும் இரண்டுமாக.

எதிர்த் திசையில் போனவர் பாடலாசிரியர் கிரிஸ் கிறிஸ்டோஃபர்சன். தளபதி வீட்டுப் பிள்ளை, ஆக்ஸ்ஃபோர்டில் இலக்கியம், ராணுவத்தில் கேப்டன், ஹெலிகாப்டர் ஓட்டி. 1965-இல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கப் பணியாணை வந்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டு கன்ட்ரி இசையின் ஊரான நாஷ்வில்லுக்குப் போய் ஒலிப்பதிவுக் கூடத்தில் தரை கூட்டினார். ஜானி கேஷ் வீட்டு முற்றத்தில் ஹெலிகாப்டரை இறக்கிப் பாட்டு கொடுத்தார் என்ற புகழ்பெற்ற கதையில் ஹெலிகாப்டர் உண்மை. ஒரு கையில் பீரும் மறுகையில் டேப்புமாக இறங்கினார் என்பது கேஷ் சேர்த்த மசாலா. கேஷ் அன்று வீட்டிலேயே இல்லை என்பார் கிறிஸ்டோஃபர்சன். ஸ்டாலின் கதையோடு சேர்த்துப் பாருங்கள்.

எதைக் கேட்டுத் தொடங்குவது என்ற கேள்விக்கு வருகிறேன். ஹென்ட்ரிக்ஸ் வுட்ஸ்டாக்கில் வாசித்த அமெரிக்கத் தேசிய கீதம். 1969 ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை காலை. கூட்டத்தில் பெரும்பகுதி கலைந்து போயிருந்தது. குண்டுகள் வெடிப்பதைப் பற்றிய வரி வரும் இடத்தில் கிட்டார் விமானமாக இரைந்து விழுவதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். நீங்கள் அதைத் தாண்டிக் கேளுங்கள். கொடி இன்னும் பறந்தது என்ற வரியை வாசித்து முடித்த உடனே, சத்தம் திடீரென்று வடிந்து, ஒற்றைக் குரலாகச் சில சுரங்கள் வரும். அது தேசிய கீதத்தில் இல்லாதது. 'டாப்ஸ்'. 1862-இல் உள்நாட்டுப் போரின்போது வர்ஜீனியா முகாமில் டேனியல் பட்டர்ஃபீல்ட் என்ற தளபதி அமைத்த பியூகிள் அழைப்பு. இரவு விளக்கணைக்கவும், வீரனைப் புதைக்கும்போதும் ஊதுவது. நமக்கு லாஸ்ட் போஸ்ட் எப்படியோ அவர்களுக்கு அது. மொத்தம் 24 சுரம், ஆனால் எல்லாம் நான்கே இடத்தில்: கீழ்ப் பஞ்சமம், ஷட்ஜம், அந்தர காந்தாரம், மேல் பஞ்சமம்.

கேசட்டில் முதல்முறை கேட்டபோது எனக்கு அது வெறும் இரைச்சல். மிசோரம் பையனிடம் நிறுத்தச் சொன்னேன். பல வருடம் கழித்து, ஒரு அமெரிக்க பியூகிள் புத்தகத்தை வைத்து 'டாப்ஸ்' வாசித்துப் பழகியபின், வேறொரு ஊரில் வேறொரு பாரக்கில் அந்தப் பதிவை மறுபடி கேட்டேன். பஞ்சமம், பஞ்சமம், ஷட்ஜம் என்று அந்த மூன்று சுரம் வந்ததும், கட்டிலில் சாய்ந்திருந்த எனக்குக் குதிகால் இரண்டும் தானாகச் சேர்ந்துகொண்டன.